லேசர் போட்டாச்சு, அட்மாஸ் போட்டாச்சு, வசனம் மட்டும் ஏன் புரியல?

கேள்வி:
பெரிய தியேட்டர், ஆயிரம் சீட்டுக்கு மேல, பால்கனி உண்டு. புது 4கே லேசர் ப்ரொஜெக்டர், அட்மாஸ் (தலைக்கு மேலயும் ஸ்பீக்கர் வெக்கற சவுண்ட்)னு வாசல்லயே பெருசா எழுதி வெச்சிருக்காங்க. போய்ப் பாத்தேன். படம் பளிச்சுனு இருக்கு, ஆனா ராத்திரி சீன் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி. குண்டு வெடிச்சா நெஞ்சு அதிருது, ரெண்டு பேர் பேசிக்கிட்டா பாதிதான் விளங்குது. பழைய செட்டப்புல இந்தக் குறை இல்ல. இந்த அப்கிரேட் எல்லாம் சும்மா போர்டு மாத்தற வேலைதானே?

ஜூன் 3, ராத்திரி 11:40

போர்டு மாத்தற வேலைன்னு ஒரேயடியா தள்ளிட மாட்டேன். ஆனா நீங்க சொன்ன ரெண்டு குறையும் நான் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கற குறைதான். நான் கார்பன் குச்சிய எரிச்சு படம் காட்டின காலத்துல ப்ரொஜெக்டர் கேபினுக்குள்ள போனவன், ஆபரேட்டருக்கு எடுபிடியா. அப்புறம் செனான் லேம்ப், அப்புறம் டிஜிட்டல், இப்ப கேபினை விட்டு வெளிய வந்து மெஷின் அலைன்மெண்ட், சவுண்ட் ட்யூனிங்னு கூப்பிட்ட இடத்துக்குப் போறேன். முதலாளிகிட்டயும் திட்டு வாங்கியிருக்கேன், படம் பாக்க வந்தவங்ககிட்டயும் வாங்கியிருக்கேன்.

மொதல்ல 4கே விஷயத்த முடிச்சிடறேன். பின் வரிசையில உக்காந்துக்கிட்டு 4கே தெரியுதுன்னு சொல்றவங்கள நான் நம்பறதில்ல. கணக்கு போட்டுப் பாருங்க. 60 அடி அகல ஸ்க்ரீன். 2கேன்னா குறுக்க 2048 புள்ளி (4கேன்னா அதுல ரெண்டு மடங்கு), 2கேல ஒரு புள்ளி கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். நல்ல கண்ணால ஒரு டிகிரிய அறுபதா பிரிச்சு அதுல ஒரு பங்கு வரைக்கும்தான் தனித்தனியா பாக்க முடியும். அப்படிப் பாத்தா 100 அடிக்கு அந்தப் பக்கம் உக்காந்தவருக்கு 2கே புள்ளியே தெரியாது, 4கே போட்டா என்ன 8கே போட்டா என்ன.

வெளிச்சத்தப் பத்தி நாளைக்கு. வசனம் புரியாததுக்குக் காரணம் எனக்கு இப்பவே தெரியும். ஃபேடர், அதாவது சத்தத்த ஏத்தி எறக்கற குமிழ். பந்தயம் கட்டுவேன்.

ஜூன் 4, காலைல 7:15

ராத்திரி எழுதினத இப்ப படிச்சா அரைகுறையா இருக்கு. 100 அடின்னு சொன்னது 60 அடி ஸ்க்ரீனுக்கு. அதாவது ஸ்க்ரீன் அகலத்தப் போல ஒண்ணே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. சின்ன ஹாலா இருந்தாலும் இதே விகிதம்தான். இப்ப கட்டற ஹால்ல முக்கால்வாசிப் பேர் அந்தத் தூரத்துக்குள்ளதான் உக்கார்றாங்க. 50 அடிக்குள்ள இருக்கறவருக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும், எழுத்தோட ஓரம், தலைமுடி, தூரத்துல இருக்கற ஜன்னல் கம்பி. அதுக்குப் பின்னால போகப் போகக் கொறைஞ்சுக்கிட்டே வந்து 100 அடியில காணாமப் போகும். ஆகவே 4கே வீண்னு நான் சொன்னது பால்கனிக் கடைசிக்கு மட்டும் பொருந்தும்.

ஒண்ணு மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேன். எக்கச்சக்கமான படங்கள் 2கேலயே முடிச்சு, பெருசாக்கி 4கேன்னு வருது. அதுக்கு ப்ரொஜெக்டர் என்ன பண்ணும் பாவம்.

ஜூன் 4, மதியம்

வெளிச்சம்.

டிஜிட்டல் சினிமாவுக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கு. 2002ல ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோ சேந்து டிசிஐன்னு ஒரு அமைப்பு வெச்சு 2005ல முதல் பதிப்பா வெளியிட்டது. அதுல ஸ்க்ரீன் நடுவுல 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் வேணும்னு இருக்கு, வேற அளவுல சொன்னா சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. கலர் கரெக்‌ஷன் பண்றவங்க அந்த வெளிச்சத்துல உக்காந்துதான் படத்த முடிக்கறாங்க. நீங்க 8ல ஓட்டினா அவங்க பாத்த படம் வேற, நீங்க பாக்கற படம் வேற.

லூமென்ங்கறது ப்ரொஜெக்டர்லேர்ந்து வர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு. ஒரு சதுர அடிக்கு 1 லூமென் விழுந்து அது அப்படியே சமமா சிதறினா 1 ஃபுட் லாம்பர்ட். அவ்வளவுதான் கணக்கு. 60 அடிக்கு 25 அடி ஸ்கோப் (அகலப்பட) ஸ்க்ரீன், 1500 சதுர அடி, 14ஆல பெருக்கினா 21,000 லூமென். ப்ரொஜெக்டர் 21,000 இருந்தா போதும்.

ஜூன் 4, சாயங்காலம்

போதாது. இதப் படிச்ச ஒரு தம்பி உடனே புடிச்சிட்டார், நல்லது, எனக்கு வயசாகுது.

ப்ரொஜெக்டருக்குள்ள படத்த உருவாக்கற சிப்போட வடிவம் ஸ்கோப் இல்ல. 2கே சிப் 2048க்கு 1080, ஸ்கோப் படம் அதுல 2048க்கு 858தான் எடுத்துக்கும். மேலயும் கீழயும் மிச்சம் இருக்கற சிப்புல விழற வெளிச்சம் வீண், கிட்டத்தட்ட 20 சதவீதம். ஆக 21,000த்த 0.79ஆல வகுக்கணும், 26,500. அப்புறம் கேபின் ஜன்னல் கண்ணாடி. சாதாக் கண்ணாடின்னா ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிடும், ரெண்டு பக்கத்துக்கு 8. அதுல தூசி வேற சேந்தா பத்துக்கும் மேல. அப்ப கிட்டத்தட்ட 29,500 லூமென், அதுவும் லேம்ப் புதுசா இருக்கறப்ப இல்ல, மாத்தப் போற அன்னிக்கு இருக்கற வெளிச்சத்துல. இதத்தான் ப்ரொஜெக்டர் வாங்கறப்ப யாரும் சொல்றதில்ல. பெட்டி மேல போட்டிருக்கற எண்ணப் பாத்துட்டு போதும்னு வாங்கிடறாங்க.

கெயின் 1.8 ஸ்க்ரீன் போட்டா 29,500 தேவையில்ல, 16,000 சொச்சம் போதும்னு ஏஜெண்ட் சொல்வார். உண்மைதான். ஆனா கெயின்ங்கறது எங்கிருந்தோ வர்ற வெளிச்சம் இல்ல. ஓரத்துச் சீட்டுக்குப் போக வேண்டியத எடுத்து நடுச் சீட்டுக்குக் குடுக்கறது. நடுவுல உக்காந்தா பளிச், ஓரத்துல உக்காந்தா ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் இருட்டு. முக்கியமா 3டி அலை அடிச்சப்போ எல்லாரும் சில்வர் ஸ்க்ரீன் மாட்டினாங்க, போலரைஸ் பண்ணின 3டி மூக்குக் கண்ணாடிக்கு அது கண்டிப்பா வேணும். அலை ஓஞ்சு போச்சு, ஸ்க்ரீன் மட்டும் இன்னும் தொங்குது. வருஷத்துக்கு நாலு 3டி படத்துக்காக மத்த எல்லாப் படத்தையும் நடுவுல வெளிச்சத் திட்டு விழுந்த சில்வர்ல பாக்கறோம். இதுல ஆர்ஜிபி லேசர் (சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனி) போட்டா மினுமினுன்னு மணல் தூவின மாதிரி ஒண்ணு தெரியும், ஸ்பெக்கிள். வெள்ளை ஸ்க்ரீன்ல ரொம்பக் கம்மி, சில்வர்ல கண்ணக் குத்தும்.

ஜூன் 5, ராத்திரி

செனானா லேசரான்னு கேட்டவருக்கு.

செனான் லேம்ப் குளிர்ந்து கெடக்கறப்பவே உள்ள அழுத்தம் உண்டு, எரியறப்ப அது பல மடங்கு. மாத்தறப்ப முகத்துக்கு ஷீல்டு, கைக்கு தடிச்ச கிளவுஸ், கழுத்து வரைக்கும் கோட்டு. நான் சின்ன வயசுல இதெல்லாம் வீராப்புக்குப் போடாம இருந்தேன். ஒரு முதலாளி லேம்ப்போட மணிக்கணக்கு முடிஞ்சப்புறமும் இன்னும் ஒரு வாரம் ஓட்டு, படம் நல்லா போகுதுன்னார். நாலாவது நாள், படம் ஓடிக்கிட்டிருக்கறப்ப, டமார். கேபின் கதவு வரைக்கும் கண்ணாடித் தூள். ரிஃப்ளெக்டர் சுக்குநூறு. ஒரு லேம்ப்ப மிச்சம் பண்ணப் போய் ரிஃப்ளெக்டருக்கும் சேத்து அழுதார். அன்னிலேர்ந்து நான் பல்ப பாத்தாலே ஷீல்டு போடற ஆள்.

பெரிய 6, 7 கிலோவாட் லேம்ப்னா சில நூறு மணி நேரத்துலயே மாத்தணும், சின்னதுன்னா ஆயிரம், ரெண்டாயிரம் வரைக்கும் போகும். லேசர் 20,000 மணிக்கு மேல. கரண்ட் கம்மி, சூடு கம்மி. கணக்குப் பாத்தா லேசர்தான், சந்தேகமே இல்ல. லேசர்லயும் ஜாதி உண்டு, நீல லேசர வெச்சு மஞ்சள் பாஸ்பர் சக்கரத்த எரிய வெக்கறது ஒண்ணு, சிவப்பு பச்சை நீலம் மூணுக்கும் தனித்தனி லேசர் வெக்கறது இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல சிவப்பு லேசர மட்டும் கூடச் சேத்தது. வாசல் போர்டுல எல்லாமே "லேசர்"தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். செனான் காலத்துல லேம்ப் மாத்தறதுக்காவது மாசத்துக்கு ஒருக்கா ஒருத்தர் கேபினுக்குப் போய் மீட்டர் புடிச்சுப் பாப்பார், வந்த கையோட கண்ணாடியத் தொடைப்பார். லேசர் அப்படி பொட்டுனு போறதில்ல. தெனம் ஒரு மயிரிழை மங்கும். எவனுக்கும் தெரியாது. அதனால எவனும் மேல ஏறிப் பாக்கறதும் இல்ல. ஆபரேட்டர் கீழ டிக்கெட் கிழிக்கறார், மேல கண்ணாடியில தூசி படியுது, ஃபில்டர் அடைக்குது. ஒரு இடத்துல புது லேசர் ரெண்டே வருஷத்துல மங்கிப் போச்சுன்னு கூப்பிட்டாங்க. மீட்டர்ல 9 ஃபுட் லாம்பர்ட் காட்டுச்சு. ஜன்னல் கண்ணாடிய துணியால தொடைச்சேன், ஃபில்டர கழுவினேன், ஏறக்குறைய 12க்கு வந்துடுச்சு. துணிக்கு மட்டும் பில் போட்டிருக்கணும்.

ஜூன் 6

சாம்பல் பூசின ராத்திரி சீன் பத்தி சொல்லாமலே விட்டுட்டேன்.

வெளிச்சம் ஏறினா கறுப்பும் கூடவே ஏறும். சாதாரண டிஜிட்டல் ப்ரொஜெக்டருக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் 2000க்கு 1ன்னு வெச்சுக்கங்க. 14ஐ 2000ஆல வகுத்தா 0.007. அவ்வளவு மங்கலான "கறுப்பு". இப்ப படிக்கட்டு லைட்டு, வாசல் லைட்டு ஸ்க்ரீன் மேல பட்டா அந்த 0.007 எங்கியோ போயிடும். சொவருக்கு க்ரீம் கலர் அடிச்சிருந்தா கேக்கவே வேணாம், ஸ்க்ரீன்லேர்ந்து போற வெளிச்சம் சொவத்துல பட்டுத் திரும்பி ஸ்க்ரீனுக்கே வரும். டால்பி சினிமாங்கற வகை ஹால்ல பத்து லட்சத்துக்கு ஒண்ணுன்னு விகிதம் சொல்றாங்க, வெளிச்சமும் 31 ஃபுட் லாம்பர்ட், ஆனா அங்க ஹால் முழுக்கக் கறுப்பு. மெஷின மட்டும் வாங்கிட்டு வந்து க்ரீம் கலர் கல்யாண மண்டபத்துல வெச்சா அந்தக் கறுப்பு வராது.

ஜூன் 7, காலைல

இப்ப ஃபேடருக்கு வர்றேன். இதுக்குத்தான் காத்திருந்தேன்.

சவுண்ட் ப்ராசஸர்ல ஒரு எண் இருக்கும், 0லேர்ந்து 10 வரைக்கும். 7தான் சரியான இடம். மிக்ஸ் பண்ற ஸ்டூடியோவுலயும் 7, தியேட்டர்லயும் 7, ஸ்க்ரீனுக்குப் பின்னால இருக்கற ஒவ்வொரு சேனலும் பிங்க் நாய்ஸ்ங்கற சோதனை இரைச்சல்ல 85 டெசிபல். 7லேர்ந்து 4 வரைக்கும் எறக்கினா மொத்தம் 10 டெசிபல் கொறையும், ஒரு எண்ணுக்கு மூணே கால் சொச்சம். 4க்குக் கீழ போனா ஒரு எண்ணுக்கே 20 டெசிபல், அது கிட்டத்தட்ட ஆஃப்.

நடக்கறது என்னன்னா, விளம்பரமும் ட்ரெயிலரும் காதக் கிழிக்கும். அதுக்குன்னு தனி வரம்பு உண்டு, ட்ரெயிலருக்கு 85, விளம்பரத்துக்கு 82ன்னு லெக் எம்ங்கற சராசரி சத்த அளவுல, ஆனா வரம்புக்குள்ள இருந்துக்கிட்டே ரெண்டு நிமிஷமும் விடாம கத்தலாமே. யாராவது எந்திரிச்சு வந்து கொறைங்கம்பாங்க. ஆபரேட்டர் 5க்கு எறக்குவார். படம் ஆரம்பிச்சதும் திரும்ப ஏத்த மாட்டார். மெல்லிசா பேசற வசனமெல்லாம் ஏசி சத்தத்துக்குள்ள முங்கிடும். இதப் பாத்துட்டு டைரக்டர் அடுத்த படத்துல எல்லாத்தையும் சத்தமா மிக்ஸ் பண்ணச் சொல்வார். தியேட்டர்காரர் இன்னும் எறக்குவார். பூனையும் எலியும்.

ஷோவ தானா ஓட்டற ஆட்டோமேஷன்ல விளம்பரத்துக்கு ஒரு ஃபேடர், படத்துக்கு ஒரு ஃபேடர்னு ஒரு தடவை எழுதி வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்.

கேள்வி கேட்டவர் தியேட்டர் பேரத் தனியா சொன்னார். நான் சொல்லப் போறதில்ல. அங்க இருக்கற ஆபரேட்டர் எனக்குப் பழைய பழக்கம். ஃபோன் போட்டேன். "தம்பி, ஃபேடர் எவ்வளவுல இருக்கு?" "4.8 அண்ணே." பாத்தீங்களா?

ஜூன் 7, அதே நாள்

4.8ன்னா 7 டெசிபலுக்கு மேல காணோம். கேஸ் முடிஞ்சது.

ஜூன் 10, ராத்திரி

கேஸ் முடியல. காலைக் காட்சிக்கு முன்னாடி நேர்ல போனேன். ஃபேடர 7ல வெச்சு ஓட்டச் சொன்னேன். எல்லாம் சத்தமாச்சு. வசனமும் சத்தமாச்சு. ஆனா புரியல! சத்தமா புரியல, அவ்வளவுதான் வித்தியாசம். "ச"வும் "த"வும் "ப"வும் ஒரே மாதிரி கேக்குது. போன வாரம் பந்தயம் கட்டினவன் நான், நல்லவேளை யாரும் பணம் வெக்கல.

ஆபரேட்டர் தம்பி ஒரு விஷயம் சொன்னார். "அண்ணே, புது சிஸ்டம் போட்ட நாள்லேர்ந்து இப்படித்தான். போட்டுட்டுப் போனவங்க ஸ்க்ரீன் ஓட்டை பத்தலன்னாங்க." ஸ்க்ரீன்ல ஒரு மில்லிமீட்டர் அளவுல லட்சக்கணக்கான ஓட்டை இருக்கும், சவுண்ட் வர்றதுக்கு. மொத்தப் பரப்புல அஞ்சு சதவீதம் கூட இருக்காது. பழைய ஸ்க்ரீன வெள்ளையாக்கறேன்னு பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணின இடங்கள்ல அந்த ஓட்டை அடைச்சுப் போய் கீச்சுக் குரலே வராம பாத்திருக்கேன். ஆனா இது புது ஸ்க்ரீன். டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஓட்டை எல்லாம் ஒழுங்கா இருக்கு.

ராத்திரிக் காட்சி முடிஞ்சப்புறம் மைக் வெச்சு அளக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஜூன் 12, விடிகாலை 4:50

தூக்கம் வரல, எழுதிடறேன்.

அஞ்சு எடத்துல மைக் வெச்சேன், ஹாலோட மூணுல ரெண்டு பங்கு தூரத்தச் சுத்தி. மொதல்ல சென்டர் ஸ்பீக்கர். சினிமா ஹாலுக்குன்னு எக்ஸ் கர்வ்னு ஒரு கோடு உண்டு, 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேரா வந்து அப்புறம் சரிவா எறங்கும். அளக்கற மெஷின்ல பாத்தா கோடு அழகா அதுமேலயே ஒக்காந்திருக்கு. எனக்கே ஆச்சரியம். இவ்வளவு அழகா இருக்கறது என்னிக்கும் நல்லதுக்கில்ல.

ஈக்வலைசர (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பட்டையா சத்தத்த ஏத்தி எறக்கறது, சுருக்கமா ஈக்யூ) தெறந்து பாத்தா 1500 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் பட்டைய மேல தூக்கி நிறுத்தியிருக்கு, 9 டெசிபல். ஆட்டோமேட்டிக் ஈக்யூ பண்ணின வேலை. அத எடுத்துட்டு மறுபடி அளந்தேன். அங்க ஒரு குழி. கெணறு மாதிரி.

சென்டர் ஸ்பீக்கர் மூணு பாகம், அடிக்குரலுக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு, கீச்சுக் குரலுக்கு மேல ஹார்ன் ஒண்ணு, மூணுக்கும் தனித்தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). நடு ஸ்பீக்கரும் ஹார்னும் கைமாத்திக்கற எடம் கிட்டத்தட்ட 1500. ஹார்ன மட்டும் ஆஃப் பண்ணி அளந்தேன், சரி. நடுவ ஆஃப் பண்ணி அளந்தேன், சரி. ரெண்டையும் சேத்தா குழி. அப்பவே புரிஞ்சு போச்சு. ஸ்க்ரீனுக்குப் பின்னால ஏணி போட்டு ஏறினா, ஹார்ன்ல ப்ளஸ்ஸும் மைனஸும் மாத்தி முடுக்கியிருக்கு. ஒண்ணு முன்னால தள்ளறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்குது, ரெண்டும் சேர்ற எடத்துல ஒண்ண ஒண்ணு தின்னுடுது. மெய்யெழுத்தோட சத்தம் பெரும்பாலும் அங்க ஆரம்பிச்சு மேலதான் இருக்கு. இதுல ஆட்டோ ஈக்யூ அந்தக் குழிய மண்ணப் போட்டு நெரப்பப் பாத்திருக்கு, எவ்வளவு போட்டாலும் ரெண்டும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். மைக் வெச்ச அஞ்சு எடத்தோட சராசரியில கோடு நேராயிடுச்சு, மத்த சீட்டுல எல்லாம் நாசம். குண்டு வெடிக்கறப்ப அந்த ஆம்ப்ல கிளிப் லைட்டு (ஆம்ப் தாங்காம திணறுதுன்னு காட்டறது) செவப்பா எரிஞ்சதுக்கும் இதான் காரணம்.

ரெண்டு வயர். ஒரு ஸ்க்ரூ டிரைவர். மாத்தி முடுக்கிட்டு அளந்தேன், குழி போச்சு. ஈக்யூவ கிட்டத்தட்ட ஒண்ணுமே தொடாம விட்டேன்.

போட்டுட்டுப் போனவங்கள நான் ரொம்பத் திட்டல. நானும் ஒரு காலத்துல பாத்த கோட்ட நம்பி, காத நம்பாம வந்திருக்கேன். ஏன், போன வாரம் கோடு கூடப் பாக்காம ஃபோன்லயே தீர்ப்பு சொன்னேனே.

ஜூன் 12, சாயங்காலம்

"அப்ப பழைய செட்டப்புல ஏன் நல்லா இருந்துச்சு"ன்னு கேட்டா, அதுல சென்டர் ஸ்பீக்கருக்கு ஒரே ஆம்ப், பிரிச்சுக் குடுக்கற வேலைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளயே ஃபேக்டரியில பண்ணி அனுப்பிச்சிருந்தாங்க. வெளிய மாத்தி முடுக்கறதுக்கு அதிகம் வயரே இல்ல. இப்ப மூணு ஆம்ப், மூணு ஜோடி வயர், தப்பு பண்ண மூணு மடங்கு வாய்ப்பு.

அட்மாஸ்ல இது இன்னும் பெருக்கும். அதுக்கு முந்தின 5.1 சவுண்ட்ல இடது பக்கச் சொவத்துல இருக்கற எல்லா ஸ்பீக்கரும் ஒரே கூட்டம், ஒரே சத்தம். அட்மாஸ் 2012ல வந்தப்ப ஒவ்வொண்ணுக்கும் தனி ஆம்ப் சேனல், 64 அவுட்புட் வரைக்கும், படத்துலேர்ந்து 128 ட்ராக் வரைக்கும் வரலாம். சொவத்து ஸ்பீக்கரும் முன்னாடி மாதிரி ஒப்புக்குக் கத்தினா பத்தாது, ஒரு ஹெலிகாப்டர் ஸ்க்ரீன்லேர்ந்து தலைக்கு மேல வந்து பின்னால போச்சுன்னா அதோட குரல் எங்கயும் மாறக் கூடாது. நல்லா போட்டா அது ஒரு தனி சுகம், நான் இல்லேங்கல.

ஆனா பால்கனி இருக்கற பெரிய ஹால்ல பால்கனிக்கு அடியில உக்கார்றவருக்கு மேற்கூரை ஸ்பீக்கர் எங்க கேக்கும்? அவர் தலைக்கு மேல இருக்கறது பால்கனியோட அடிவயிறு. அவருக்கு அட்மாஸ் வாசல் போர்டோட சரி.

ஜூன் 13

பேச்சு பால்கனிக்குப் போனதால ஒண்ணு ஞாபகம் வருது. கடைசி வரிசை ஸ்க்ரீன்லேர்ந்து 130 அடின்னா சத்தம் அங்க போய்ச் சேர 115 மில்லி செகண்ட் ஆகும். ஒரு ஃபிரேம் 42 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட மூணு ஃபிரேம் தாமதம், உதடு முன்னால, குரல் பின்னால. நடு ஹாலுக்குச் சரி பண்ணினா முன் வரிசைக்குக் கொஞ்சம் முந்தும், பால்கனிக்குக் கொஞ்சம் பிந்தும். இதுக்கு எந்த மெஷினும் கெடையாது, காத்துல சத்தம் அவ்வளவு வேகம்தான். ஃபிலிம்லயும் சவுண்ட் ட்ராக் படத்துக்கு ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னால அச்சாகியிருக்கும், ப்ரொஜெக்டருக்குள்ள ஃபிலிம் வளைஞ்சு தொங்கற லூப்ப சக்கரத்துல ஒரு பல்லு கூட்டிக் கொறைச்சு நாங்க சரி பண்ணுவோம். என் குருநாதர் ஹீரோயின் வாயப் பாத்தே எத்தன பல்லுன்னு சொல்லிடுவார்.

பின் சொவர் வெறும் சிமெண்ட்டா இருந்தா இன்னொரு கூத்து. முன் வரிசையில உக்காந்தவருக்கு பின் சொவத்துல பட்டு வர்ற வசனம் கால் செகண்ட் கழிச்சு ரெண்டாவது தடவை கேக்கும். பின் சொவத்துக்குத் தடிமனா கண்ணாடிப் பஞ்சு போட்டுத் துணி அடிச்சா போதும். ஆனா துணிக்கு யாரும் வாசல்ல போர்டு வெக்கறதில்லையே.

ஜூன் 15

எல்இடி ஸ்க்ரீன் வந்தா ப்ரொஜெக்டர் தொல்லையே இல்லையேன்னு ஒருத்தர். 2017ல சாம்சங் சியோல்ல ஒரு தியேட்டர்ல போட்டுச்சு, பத்து மீட்டர் சொச்சம் அகலம், 500 கேண்டெலா வரைக்கும் வெளிச்சம், நம்ம 48க்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. கறுப்பு நெஜக் கறுப்பு, ஏன்னா புள்ளிய அணைச்சா அணைஞ்சதுதான். ஆனா அந்தச் சொவத்துல ஓட்டை கெடையாது. சென்டர் ஸ்பீக்கர எங்க வெப்பீங்க? மேலயும் கீழயும் வெச்சு நடுவுலேர்ந்து வர்ற மாதிரி காத ஏமாத்தணும். வசனத்துக்கு நான் இன்னும் ஓட்டைத் துணியத்தான் நம்பறேன், கெழவன் பேச்சுன்னு தள்ளினாலும் சரி.

ஜூன் 19

அந்தத் தியேட்டர்ல ஃபேடர 7ல வெச்சு, பக்கத்துல பேனாவால 7ன்னு எழுதிட்டு வந்திருந்தேன். விளம்பரத்துக்கு 4.5ன்னு ஆட்டோமேஷன்ல போட்டாச்சு. படிக்கட்டு லைட்டுக்கு மேல ஒரு தகட்ட வளைச்சு மாட்டச் சொன்னேன், ராத்திரி சீன் கொஞ்சம் தேவலாம்னு தம்பி சொன்னார், சொவர்க் கலர மாத்தறதப் பத்தி முதலாளி வாயே தெறக்கலையாம்.

இன்னிக்கு ஃபோன். "அண்ணே, முதலாளி வீட்டுப் பெரியவர் வந்தார், காது வலிக்குதுன்னார், 5.5க்கு எறக்கிட்டேன், கோச்சுக்காதீங்க."

வசனம்?

"அது புரியுதுண்ணே, கடைசி வரிசை வரைக்கும்."